ஈம் என்று ஓர் ஊர்

இங்கிலாந்துக்குப் போய் வந்தவர்களிடம், "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். லண்டன் கோபுரம் பார்த்தேன் என்பார்கள். பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் காவல்காரர்கள் மாறுவதைப் பார்த்தேன் என்பார்கள். பிரிட்டிஷ் மியூஸியத்தில் கால் கடுக்க நடந்து, எகிப்து தேசத்து 'மம்மி' வரையில் ஒன்று விடாமல் பார்த்தேன் என்பார்கள். எல்லாம் பெரிய பெரிய விஷயங்கள். அவற்றைப் பற்றி எழுதாத பத்திரிகையும் இல்லை. படித்திராத வாசகரும் இல்லை. ஆகையால் இந்த வாரம் உங்களை ஒரு சின்ன இடத்துக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். ஊரும் சின்னது, அங்கே உள்ள மியூஸியமும் சின்னது. ஆனால் அதற்குள் நுழைந்து வெளியே வருகிறவர்கள் கொஞ்ச நேரம் வாய் திறந்து பேசுவதில்லை.

அந்த ஊரின் பெயர் ஈம்.

ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. எழுதியிருக்கிறபடி வாசித்தால் 'எயாம்' என்று வரும். அப்படிச் சொன்னால் ஊரார் புன்சிரிப்போடு திருத்துவார்கள்: "ஈம்!" தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் காதில் விழுந்ததும் சற்றுத் திக்கென்றுதான் இருக்கும். ஈமச் சடங்கு, ஈமக் கடன் என்றெல்லாம் சொல்கிறோம் அல்லவா? அந்த ஊருக்கும் தமிழுக்கும் எந்த உறவும் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் நீர் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆனாலும் 1665-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கி, 1666 நவம்பர் வரை, பதினான்கு மாத காலம் அந்த ஊர் தன் பெயரின் தமிழ் அர்த்தத்துக்குப் பொருத்தமாகவே இருந்துவிட்டது!

கூரை மேல் ஓர் எலி

'ஷெபீல்டு' என்ற பெயரைக் கத்தியிலும் கத்தரிக்கோலிலும் பார்த்திருப்பீர்கள். எஃகுக்குப் பேர்போன அந்த நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் பன்னிரண்டு மைல் போனால் ஈம் வந்துவிடும். டெர்பிஷயர் என்ற மாவட்டம் அது. நகரத்தை விட்டுப் பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குன்றுகள் ஆரம்பமாகிவிடுகின்றன. 1951-ல் இங்கிலாந்தில் முதன் முதலாக 'தேசியப் பூங்கா' என்று ஏற்படுத்தினார்களே, அந்தப் பிரதேசம் இதுதான். பச்சைக் கம்பளம் விரித்தாற் போன்ற மேய்ச்சல் நிலம். அதில் வெள்ளைப் புள்ளிகளாக ஆடுகள். வயலுக்கு வயல் கல் வேலி. அந்த வேலிகளில் சுண்ணாம்பும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. கல்லின் மேல் கல்லைப் பார்த்துப் பார்த்து அடுக்கியதுதான். மேலே ஆடு ஏறிக் குதித்தாலும் அசையாமல் நிற்கிறது.

ஊரில் சுமார் ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். ஒரே ஒரு பெரிய வீதி. இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கல் வீடுகள். வாசலுக்கு வாசல் பூச்செடிகள். நடு வீதியில் பழைய தேவாலயம்.

மியூஸியத்தைக் கண்டுபிடிக்க யாரையும் வழி கேட்க வேண்டியதில்லை. தலையை நிமிர்த்திக் கூரைகளைப் பார்த்துக்கொண்டு போனால் போதும். அந்த ஊர்ப் பக்கங்களில் கட்டடங்களின் உச்சியில் காற்றுத் திசைகாட்டி வைப்பது வழக்கம். சாதாரணமாக அதில் ஒரு சேவல் நிற்கும். இந்தக் கட்டடத்தில் மட்டும் ஓர் எலி! நம் ஊராயிருந்தால் பக்கத்தில் பிள்ளையாரைத் தேடியிருப்போம். இங்கே எலி தனியாகத்தான் நிற்கிறது. காற்றடிக்கும் பக்கமெல்லாம் திரும்பி, ஊரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது.

கட்டடம் ஒரு காலத்தில் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்களின் பிரார்த்தனை மண்டபமாக இருந்தது. 1994-ல் அதை மியூஸியமாக மாற்றினார்கள். மாற்றியது சர்க்கார் அல்ல, ஊர்க்காரர்கள். கிளாரன்ஸ் டேனியல் என்ற ஈம் ஊர்ப் பெரியவர் தம் வாழ்நாள் முழுவதும் ஊர்ச் சரித்திரத்தையே பேச்சும் மூச்சுமாகக் கொண்டிருந்தார். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பழைய காகிதம், பழைய கருவி, பூமியிலிருந்து கிடைத்த கல் என்று எது கண்ணில் பட்டாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் செய்த அம்மாளின் பொறுமையையும் நாம் மெச்சத்தான் வேண்டும்! 1987-ல் அவர் காலமானார். அவர் சேர்த்து வைத்ததே மியூஸியத்துக்கு முதல் மூலதனம்.

இன்றைக்கும் அதை நடத்துகிறவர்கள் தொண்டர்களே. வாசலில் கட்டணம் வாங்குகிறவர், புத்தகம் விற்கிறவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர் எல்லாரும் முறை போட்டுக்கொண்டு வருகிற தொண்டர்கள். நான் போன அன்று மேஜையருகே இருந்தவர்களுக்கு எழுபது பிராயம் இருக்கும். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "மாடியில் பெயர்களைப் படிப்பீர்கள் அல்லவா? அவசரப்படாதீர்கள், நிதானமாகப் படியுங்கள்" என்று ஒரு மாது சொன்னார். கல்யாண வீட்டில் "இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்" என்று சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னார்.

ஈரத் துணி

கதை ஒரு துணி மூட்டையில் ஆரம்பமாகிறது.

1665-ம் ஆண்டு லண்டன் மாநகரில் பிளேக் நோய் தாண்டவமாடியது. அந்த வருஷம் கோடை முடிகிற சமயத்தில், ஈம் ஊர்த் தையற்காரர் அலெக்ஸாண்டர் ஹாட்பீல்டு என்பவருக்கு லண்டனிலிருந்து ஒரு துணி மூட்டை வந்து சேர்ந்தது. அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் அதைப் பிரித்தார். துணி வழியில் ஈரமாகியிருந்தது. கணப்பு அடுப்புக்கு முன்னால் விரித்து உலர்த்தினார். துணியோடு கூட வந்திருந்த தெள்ளுப் பூச்சிகளுக்கு அந்தச் சூடு போதுமானதாயிருந்தது.

செப்டம்பர் 7-ந் தேதி விக்கர்ஸ் இறந்தார். அந்த வீட்டம்மாள் மேரிக்கு முதல் கணவர் மூலம் இரண்டு பிள்ளைகள். நாலு வயது எட்வர்டு செப்டம்பர் 22-ந் தேதி இறந்தான். பன்னிரண்டு வயது ஜோனதன் அக்டோபர் 2-ந் தேதி இறந்தான். மறு வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி கணவர் ஹாட்பீல்டும் போய்விட்டார். சுற்றத்தாரில் பதின்மூன்று பேரைப் பறிகொடுத்துவிட்டு மேரி ஒருத்தி மட்டும் பிழைத்திருந்தாள். அந்த வீடு தேவாலயத்துக்கு அருகே இன்றும் இருக்கிறது. வாசலில் பச்சைப் பலகையில் இந்தப் பெயர்களும் தேதிகளும் எழுதியிருக்கின்றன. அடுத்த வீட்டிலும் ஒரு பலகை. உள்ளே இன்று யாரோ குடியிருக்கிறார்கள். ஜன்னலில் திரை தொங்குகிறது.

தெள்ளுப் பூச்சி என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் அது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள். ஆண்டவன் கோபம் என்றார்கள். நோய்க்குக் காரணமான கிருமியை 1894-ல்தான் ஹாங்காங்கில் கண்டுபிடித்தார்கள். அது எலியிடமிருந்து எலிக்குத் தெள்ளுப் பூச்சி மூலம் தாவுகிறது என்பதைப் பால் லூயி ஸிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1898-ல் செய்து காட்டினார். எங்கே தெரியுமா? கராச்சி நகரத்தில். பம்பாயில் 1896-ல் புகுந்த பிளேக் அப்போது இந்தியாவில் லட்சக்கணக்கான பேரைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. டெர்பிஷயர் குன்றுகளுக்கு நடுவே இருநூறு வருஷத்துக்கு மேலாகப் புரியாதிருந்த புதிர், நம் துணைக்கண்டத்து மக்கள் பட்ட பாட்டின் நடுவேதான் அவிழ்ந்தது.

எல்லைக் கல்

குளிர்காலத்தில் சாவு குறைந்தது. பீடை தொலைந்தது என்று ஜனங்கள் மூச்சு விட்டார்கள். 1666 ஜூன் மாதம் மறுபடியும் ஏறத் தொடங்கியது.

ஊர்த் தேவாலயத்துப் பாதிரியார் வில்லியம் மாம்பெஸன். முப்பது வயது நிரம்பாத வாலிபர். ஊருக்கு வந்து இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் தாமஸ் ஸ்டான்லி. 1662-ல் அரசாங்கம் விதித்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்ததால் பதவியை இழந்தவர். ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை. ஊர் ஜனங்களில் பலருக்கு அவரிடந்தான் மதிப்பு. பழைய பாதிரியாரும் புதிய பாதிரியாரும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நம் ஊரில் பழைய தர்மகர்த்தாவும் புதிய தர்மகர்த்தாவும் இருப்பார்களே, அப்படித்தான்! அந்த இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள், ஊராரைக் கூட்டினார்கள். மூன்று தீர்மானம் செய்தார்கள்.

ஒன்று: தேவாலயத்தைப் பூட்டிவிடுவது; 'கக்லெட் டெல்ப்' என்ற பள்ளத்தாக்கில், வெட்டவெளியில், குடும்பத்துக்குக் குடும்பம் விலகி நின்று பிரார்த்தனை செய்வது. இரண்டு: அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே, அவரவர் நிலத்தில் புதைத்துக்கொள்வது. மூன்று: ஊர் எல்லையைத் தாண்டி யாரும் வெளியே போகாதிருப்பது.

மூன்றாவது தீர்மானந்தான் இந்த ஊரின் பெயரைச் சரித்திரத்தில் எழுதியது. காவலுக்குச் சிப்பாய் கிடையாது. எல்லையில் சில கற்கள். ஒரு மலை ஊற்று. வெளியூர்க்காரர்கள் உணவையும் மருந்தையும் அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். அருகிலுள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைப் பிரபுவும் பண்டங்கள் அனுப்பினார். ஈம் ஊரார் வந்து எடுத்துக்கொண்டு, விலைக்கான காசைக் கல்லின் குழியில் போட்டுவிட்டுப் போவார்கள். குழியில் காடி ஊற்றியிருக்கும். காசோடு நோய் போகாதிருக்கட்டும் என்று! ஸ்டோனி மிடில்டன் என்ற அடுத்த ஊருக்குப் போகும் வயல் பாதையில் அப்படி ஒரு கல் இன்னும் கிடக்கிறது. அதில் ஆறு குழிகள். விரலை விட்டுப் பார்த்தால் வழுவழுப்பாக இருக்கிறது.

பெயர்களின் சுவர்

இப்போது மாடிக்கு வாருங்கள்.

இந்த மியூஸியத்தில் தங்கம் இல்லை, வைரம் இல்லை, அரசர்களின் வாள் இல்லை. குடும்பம் குடும்பமாகக் கதையும், பெயரும், தேதியுந்தான் இருக்கின்றன. பதினான்கு மாதத்தில் 260 பேர் இறந்தார்கள். 76 குடும்பங்களில் சாவு புகுந்தது. 1666 ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் 78 பேர். இப்படித் தொகையாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். பெயராகப் படித்துப் பாருங்கள்.

ஹான்காக் என்ற குடும்பம். ஊருக்கு வெளியே மேட்டில் அவர்கள் வீடு. ஆகஸ்டு 3-ந் தேதி முதல் 10-ந் தேதிக்குள், எட்டே நாளில், எலிசபெத் ஹான்காக் என்ற அந்த அம்மாள் தன் ஆறு குழந்தைகளையும் கணவனையும் இழந்தாள். தீர்மானம் இருக்கிறதே, அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே புதைக்க வேண்டும் என்று? கணவனும் போன பிறகு கை கொடுக்க யார் இருக்கிறார்கள்? துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், தானே குழி தோண்டிப் புதைத்தாள் என்று சொல்கிறார்கள். வயல் நடுவே வட்டமான கல் சுவருக்குள் அந்தச் சமாதிகள் இன்றும் இருக்கின்றன. ஊரிலிருந்து நடந்து போய்ப் பார்க்கலாம். சுற்றிலும் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

பாதிரியாரின் மனைவி காதரின். குழந்தைகளை முன்னாலேயே யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கணவரோடு நின்றாள். ஆகஸ்டு 25-ந் தேதி அவளும் இறந்தாள். தேவாலய முற்றத்தில் அவள் சமாதி இருக்கிறது.

இவ்வளவு துயரத்துக்கு நடுவிலும் ஜனங்கள் சிரிக்க மறக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தச் சிரிப்பையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மார்கரெட் பிளாக்வெல் என்ற பெண் ஜுரத்தில் தாகம் தாங்காமல், அடுக்களையில் இருந்ததைப் பால் என்று நினைத்துக் குடித்துவிட்டாளாம். அது உருக்கிய பன்றிக் கொழுப்பு! ஆனால் அவள் பிழைத்துக்கொண்டாள். மார்ஷல் ஹோ என்று ஒருவன் இருந்தான். நோய் வந்து பிழைத்தவன்; இனி தனக்கு வராது என்ற தைரியத்தில் மற்ற வீட்டுப் பிணங்களையும் புதைத்து, கூலியாக அந்த வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொள்வான். ஒரு நாள் அவன் தூக்கிக்கொண்டு போன 'பிணம்' வழியில் கண் விழித்துக் குடிக்க ஏதாவது கேட்டதாம்! அந்த மனிதர் அப்புறம் பிழைத்தும் எழுந்தாராம். ஹோவின் கதை மட்டும் சிரிப்பில் முடியவில்லை. தன் மனைவியையும் மகனையும் அவனே தன் கையால் புதைக்க நேர்ந்தது.

காதல் கதையும் உண்டு. எம்மட் ஸிடால் என்ற ஈம் ஊர்ப் பெண்ணுக்கும், அடுத்த ஊர் ரோலண்டு டார் என்ற வாலிபனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நோய்க்குப் பயந்து இருவரும் அந்தப் பள்ளத்தாக்கின் இரு பக்கத்திலும் தூரத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். ஒரு நாள் அவள் வரவில்லை. 'எல்லையை அடைத்ததால் பிரிந்த காதலர்கள்' என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் தேதியைப் பாருங்கள். எம்மட் இறந்தது ஏப்ரல் 29. எல்லை அடைத்தது ஜூனில். ஊர் தீர்மானம் செய்வதற்கு முன்பே, யாரும் சொல்லாமலே, அந்த இரண்டு சிறுசுகளும் தங்களுக்குத் தாங்களே ஓர் எல்லையைப் போட்டுக்கொண்டு விட்டார்கள். பெயரையும் தேதியையும் ஒழுங்காக வைத்திருப்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்கு இது ஒரு பதில்.

தியாகமா, தவறா?

இத்தனையும் படித்த பிறகு, உங்களுக்குத் தோன்றக்கூடிய கேள்வி எனக்கும் தோன்றியது. ஊரைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தது சரிதானா?

நம் ஊர்ப் பெரியவர்கள் அப்படிச் செய்யவில்லை. கோயமுத்தூர்ப் பக்கத்தில் பிளேக் வந்த காலத்துக் கதைகளை உங்கள் வீட்டுப் பாட்டிமார் சொல்லியிருக்கலாம். வீட்டில் எலி செத்து விழுந்தால் போதும். சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்துவிட்டு, வயல் வெளியில் கொட்டகை போட்டுக் குடியிருப்பார்கள். கிருமியைப் பற்றி யாரும் பாடம் நடத்தாமலே எலியை விட்டு விலக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஈம் ஊராரும் வீடுகளை விட்டு அந்தக் குன்றுச் சரிவுகளில் பரவியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்று பிற்கால வைத்திய சரித்திரக்காரர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

வேறு சிலர் இன்னொன்றைச் சுட்டிக்காட்டுகிறார்கள். வசதி படைத்தவர்களில் சிலர் முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள். பாதிரியாரே தம் குழந்தைகளை அனுப்பிவிட்டார். போக இடமும் கையில் காசும் இல்லாதவர்களிடம் போய், "தியாகம் செய்யுங்கள்" என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

இதற்கு எதிர்ப் பக்கமும் இருக்கிறது. 2016-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஈம் ஊரின் சாவுப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நோய் பரவியதில் சுமார் நான்கில் மூன்று பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கே போயிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. ஏழைகளும் குழந்தைகளுமே அதிகம் அடிபட்டார்கள் என்றும் கண்டார்கள். மனிதர் மூலம் பரவுகிற நோய் என்றால், எல்லையை விட்டு ஒரு கால் வெளியே வைத்திருந்தாலும் அடுத்த ஊருக்கு ஆபத்துதான். ஆக, உள்ளே இருந்தவர்களுக்கு எந்தக் காரியம் யமனாக முடிந்ததோ, அதே காரியம் வெளியே இருந்தவர்களுக்கு உயிர்ப் பிச்சை ஆயிற்று.

ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலும் கணக்கு மாறியிருக்கிறது. 350 பேரில் 260 பேர் போய்விட்டார்கள் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பழைய வரிக் கணக்குகளைப் பார்த்த பிறகு, எழுநூறுக்குக் குறையாத ஜனத்தொகை இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கதைக்கு முதல் கணக்குத்தான் உருக்கம். ஆனாலும் ஊர்ப் பெருமையில் ஊறியவர்களே இந்தத் திருத்தத்தை ஒப்புக்கொள்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு மியூஸியம் இருப்பது நல்லதுதான்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அவர்கள் செய்தது சரியா?" என்று அந்த வாசல் மேஜை மாதைக் கேட்டேன். "இங்கே வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்" என்றார். "2020-க்குப் பிறகு இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: நீங்களாயிருந்தால் நின்றிருப்பீர்களா?"

கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்ட அந்த வருஷத்தில் ஈம் ஊரின் பெயர் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் அடிபட்டது. வாசல்படியைத் தாண்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசித்தோமே, அடுத்த வீட்டுக்காரருக்குப் பாலும் மருந்தும் வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோமே, அதை அனுபவித்த நமக்கு அந்த மாதின் கேள்வி வெறும் சரித்திரக் கேள்வி அல்ல.

கீழே இறங்கினால்

பிளேக்கோடு ஊர் முடிந்துவிடவில்லை என்பதையும் மியூஸியம் சொல்கிறது. இந்தக் குன்றுகளுக்கடியில் ஈயம் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கி வெட்டினார்கள். பட்டு நெய்தார்கள். பாதரட்சை செய்யும் தொழிற்சாலைகள் இருந்தன. அவற்றின் கருவிகளும், அந்தப் பக்கத்துக் கல் வகைகளும் இங்கே இருக்கின்றன. 260 பேரைப் புதைத்த ஊர் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, செருப்புத் தைத்து, ஏர் பிடித்து எழுந்து நின்றதல்லவா? அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயந்தான். மாடிச் சுவரில் இருக்கும் குடும்பப் பெயர்களில் சில இன்றும் ஊரில் உண்டு.

மாம்பெஸன் பாதிரியார் பிற்பாடு ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். பிளேக் ஊரிலிருந்து வருகிறவர் என்று அஞ்சி அந்த ஊரார் முதலில் அவரை உள்ளே விடவில்லையாம். சில காலம் வெளியே ஒரு குடிசையில் தங்கினாராம். ஸ்டான்லி 1670-ல் இறந்தார். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை 'பிளேக் ஞாயிறு' என்று வைத்து ஊரார் நினைவு வழிபாடு நடத்துகிறார்கள். போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிர்காலத்தில் மியூஸியம் சாத்தியிருக்கும். விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஈம் ஊர் மியூஸியம் திறந்த அதே 1994-ல்தான் நம் நாட்டில் சூரத் நகரத்தில் பிளேக் பீதி கிளம்பி, ஜனங்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். இப்போது அதற்கு மருந்து இருக்கிறது. காலத்தில் கொடுத்தால் பிழைக்கலாம். அந்தப் பழைய பயத்தின் அடையாளமாகக் கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் இருக்கிறாள். விளக்கேற்றுகிறோம், கும்பிடுகிறோம். அந்தக் காலத்தில் ஊரைக் காத்தாள் என்ற நன்றி அது. நல்ல வழக்கந்தான்.

ஆனால் அந்த நோயில் போனவர்களின் பெயர்? எந்தத் தெருவில், எந்த வீட்டில், எத்தனை பேர்? வயல் கொட்டகையில் பிரசவித்த பெண் யார்? அனாதையாக நின்ற குழந்தையை எடுத்து வளர்த்தது எந்தக் குடும்பம்? அதைச் சொல்லக்கூடிய காகிதம் எங்காவது ஒரு வீட்டுப் பரணில், ஒரு தாத்தாவின் கணக்கு நோட்டில், கல்யாணப் பத்திரிகைக்கும் வரி ரசீதுக்கும் நடுவே செருகிக் கிடக்கலாம். கிளாரன்ஸ் டேனியல் பெரிய பண்டிதராகவோ பணக்காரராகவோ இருந்து அந்த வேலையைத் தொடங்கவில்லை. தம் ஊர்க் காகிதத்தைத் தாம் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு அவர் ஊரார் ஒரு மண்டபத்தைப் பிடித்து, ஒரு மேஜையைப் போட்டு, முறை வைத்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பரணில் ஏறிப் பாருங்கள். கரையான் அரித்த கட்டு ஏதாவது கைக்குக் கிடைத்தால், பழைய பேப்பர்க்காரரின் தராசில் வைப்பதற்கு முன்னால் ஒரு தரம் தூசி தட்டி, நிதானமாகப் படியுங்கள்.